வாக்கியத் திருத்தக் கேள்விக்குக் காதை நம்புவதா, விதியை நம்புவதா, விடைகளையே நம்புவதா

போன வாரம் ராத்திரி பத்தரை மணி இருக்கும், அக்கா மகள் வாட்ஸ்அப்பில் ஒரு போட்டோ அனுப்பினாள். மாதிரித் தேர்வுத் தாளில் ஒரு ஆங்கில வாக்கியத்தை மூன்று துண்டாக வெட்டிக் கொடுத்திருக்கிறார்கள், எந்தத் துண்டில் தப்பு என்று கண்டுபிடிக்க வேண்டும். "மை அங்கிள் / இஸ் லிவிங் இன் சேலம் / சின்ஸ் 2009." நான்காவது விடை, தப்பே இல்லை. அவள் நான்காவதை டிக் அடித்திருந்தாள். விடைத்தாளில் இரண்டாவது துண்டு என்று இருந்தது. அடுத்த நிமிஷம் போன்.

"சித்தி, எனக்குச் சரியாத்தானே கேட்குது?"

"உனக்குச் சரியாத்தான் கேட்கும். அதனாலதான் கேட்டிருக்கான்."

அவள் பிளஸ் டூ வரை தமிழ் வழி, அப்புறம் பி.காம். இப்போது மத்திய அரசு வேலைக்கான எஸ்எஸ்சி சிஜிஎல் தேர்வு எழுதப் போகிறாள், கூடவே ஐபிபிஎஸ் வங்கித் தேர்வும். தமிழக அரசு வேலைக்கான குரூப் 4-க்குப் படித்த பழக்கம் உண்டு, ஆனால் அதில் இப்போது பொது ஆங்கிலம் எடுத்து எழுதும் வழியே இல்லை, தமிழ்த்தாள் கட்டாயம். அதனால் ஆங்கில இலக்கணம் அவளுக்குப் பள்ளியோடு விட்டுப்போன சமாச்சாரம். கையில் இருப்பது இரண்டு மாதம். யாரைக் கேட்டாலும் ஒவ்வொரு யோசனை. தினமும் ஹிந்து பேப்பர் படி, காது தானாகப் பழகிவிடும் என்கிறார் அவளுடைய கல்லூரிப் பேராசிரியர். கோச்சிங் சென்டரில் நூற்று நாற்பது விதிகளை அச்சடித்துக் கையில் கொடுத்து மனப்பாடம் செய்யச் சொல்லியிருக்கிறார்கள். கூடப் படிக்கும் ஒரு பெண்ணின் அண்ணன் எம்பிஏவுக்காக ஜிமேட் எழுதியவர், விதியெல்லாம் வேண்டாம், விடைகளை ஒன்றோடு ஒன்று ஒப்பிட்டு வெட்டிக்கொண்டே வா, மிச்சம் இருப்பதுதான் விடை என்கிறார். மூன்று பேர் சொல்வதும் அவரவர் அளவில் உண்மைதான், சிக்கலே அதுதான்.

முதலில் காது. இதில் எனக்குச் சொந்த அனுபவம் இருக்கிறது, பெருமைப்பட ஒன்றுமில்லை. நான் படித்தது ஆங்கில வழிப் பள்ளி, நாவல் எல்லாம் படிப்பேன், ஆபீஸில் எல்லாருடைய கடிதத்தையும் நான்தான் திருத்திக் கொடுப்பேன். அந்தத் திமிரில் ஒரு வங்கித் தேர்வுக்கு ஆங்கிலத்தைத் தொடாமலே போனேன். கணக்கில் நல்ல மார்க், ஆங்கிலத்தில் கட்-ஆஃப் தாண்டவில்லை. வங்கித் தேர்வில் ஒரு பகுதியில் கட்-ஆஃப் போனால் மற்றதில் எவ்வளவு வாங்கினாலும் வெளியேதான். வீட்டுக்கு வந்து உட்கார்ந்து யோசித்தபோதுதான் புரிந்தது. என் காது பழகியது ஆபீஸ் ஆங்கிலத்திலும் பஸ் ஸ்டாண்ட் ஆங்கிலத்திலும், கேள்வி எடுப்பவர் குறி வைப்பதும் அதே ஆங்கிலத்தைத்தான்.

நம் காது எங்கே ஏமாறுகிறது என்பதில் ஒரு ஒழுங்கு இருக்கிறது. பெரும்பாலும் தமிழில் அப்படிச் சொன்னால் சரியாக இருக்கும் இடத்தில்தான் ஆங்கிலத்தில் கால் வழுக்குகிறது. மேலே உள்ள சேலம் மாமாவையே எடுத்துக்கொள்ளுங்கள். "மாமா 2009-லிருந்து சேலத்தில் இருக்கிறார்" என்று நிகழ்காலத்தில்தான் சொல்வோம், அதில் ஒரு குறையும் இல்லை. அதை அப்படியே கொண்டுபோய் "இஸ் லிவிங்" என்று வைத்தால் காது தலையாட்டுகிறது. ஆங்கிலத்துக்கோ எப்போதோ தொடங்கி இன்னும் நடக்கிற விஷயத்துக்கு "ஹேஸ் பீன் லிவிங்" அல்லது "ஹேஸ் லிவ்டு" என்றுதான் வர வேண்டும். "சின்ஸ்" என்ற சொல்லைப் பார்த்ததும் கை நேராக வினைச்சொல்லுக்குப் போக வேண்டும், காதைக் கேட்டுக்கொண்டிருக்கக் கூடாது.

இன்னொன்று, "அதைப் பற்றி விவாதித்தோம்". பற்றி என்ற சொல் நமக்குத் தேவைப்படுகிறது, அதனால் "டிஸ்கஸ்டு அபவுட்" என்பதில் நமக்கு எதுவும் உறுத்துவதில்லை. ஆங்கிலத்தில் "டிஸ்கஸ்" என்பதற்கு அந்த "அபவுட்" வேண்டாம். தகவல்கள், அறிவுரைகள், சாமான்கள் என்று நாம் தாராளமாகப் பன்மை போடுவோம், ஆங்கிலத்தில் "இன்ஃபர்மேஷன்", "அட்வைஸ்", "லக்கேஜ்", "ஃபர்னிச்சர்" எதற்கும் கடைசியில் எஸ் வராது. "கசின் பிரதர்" என்கிறோம், ஏனென்றால் அண்ணனா அக்காவா என்று சொல்லாமல் உறவைச் சொல்ல நமக்கு வாய் வராது. அங்கே "கசின்" என்றால் போதும், "பிரதர்" சேர்த்தால் அதுவே தப்புள்ள துண்டு.

இதைவிட ஆழமாக ஒன்று இருக்கிறது, இதை யாரும் கோச்சிங்கில் சொல்லிக் கேட்டதில்லை. பேச்சுத் தமிழில் அஃறிணைக்கு ஒருமை பன்மை வித்தியாசத்தை நாம் வினையில் காட்டுவதே இல்லை. "மாம்பழம் நல்லா இருந்துச்சு", "மாம்பழம் எல்லாம் நல்லா இருந்துச்சு", இரண்டுக்கும் ஒரே "இருந்துச்சு". எழுத்தில் "இருந்தன" என்று போட வேண்டும், ஆனால் எழுதுகிறவர்களே பாதிப் பேர் போடுவதில்லை. அப்படி வளர்ந்த காதிடம் போய் "தி குவாலிட்டி ஆஃப் தி மேங்கோஸ்" என்பதற்கு "வாஸ்" வருமா "வேர்" வருமா என்று கேட்டால் அது என்ன சொல்லும்? பக்கத்தில் இருக்கும் மாம்பழங்களைப் பார்த்து "வேர்" என்று சொல்லிவிடும். தரம்தான் எழுவாய், அது ஒன்றுதான், எனவே "வாஸ்".

சரி, அப்படியானால் காது முழுக்கப் பயனற்றதா? இல்லை. அது ஏதோ இடிக்கிறது என்று சொல்லும்போது பெரும்பாலும் உண்மையாகவே ஏதோ இருக்கும். ஒன்றும் இடிக்கவில்லை என்று சொல்லும்போதுதான் நம்பக் கூடாது. ஹிந்து பேப்பர் படிக்கும் யோசனையும் நல்ல யோசனைதான், ஆனால் அது வருஷக் கணக்கில் பலன் தரும் வேலை. இரண்டு மாதத்தில் தலையங்கம் படித்துக் காது மாறிவிடும் என்று நான் நம்பவில்லை. வாசித்துப் புரிந்துகொள்ளும் பகுதிக்கும் சொல்வளத்துக்கும் வேண்டுமானால் அது இப்போதே உதவும், அந்தக் கணக்கில் அரை மணி நேரம் ஒதுக்கலாம்.

அடுத்தது விதி. அந்த நூற்று நாற்பது விதிகள் உள்ள தாள்களை வாங்கிப் பார்த்தேன். பாதி விதிகள் ஒன்றையே நான்கு விதமாகச் சொல்பவை, எழுவாயும் வினையும் ஒத்துப்போக வேண்டும் என்ற ஒரே விஷயத்துக்கு மட்டும் இருபத்திரண்டு விதி போட்டிருக்கிறார்கள். மனப்பாடம் செய்தவளிடம் கேட்டால் விதி எண் 37 என்ன என்று சொல்கிறாள், வாக்கியத்தைக் கொடுத்தால் 37 அங்கே வேலை செய்கிறது என்று தெரியவில்லை. விதி வழியின் பெரிய ஓட்டை இதுதான். எந்தப் பூட்டுக்கு எந்தச் சாவி என்று சொல்ல அந்தத் தாளில் ஒன்றுமில்லை.

ஆனால் எஸ்எஸ்சியைப் பொறுத்தவரை விதியை ஒதுக்கிவிடவும் முடியாது. அங்கே வருபவற்றில் கணிசமானவை சூத்திரம் போன்ற கேள்விகள். "நோ சூனர்" வந்தால் பின்னால் "தேன்" வர வேண்டும், "ஹார்ட்லி", "ஸ்கேர்ஸ்லி" வந்தால் "வென்". "சீனியர்", "ஜூனியர்", "சுப்பீரியர்", "பிரிஃபர்" இவற்றுக்குப் பின்னால் "தேன்" வராது, "டு" வரும். "ஒன் ஆஃப்" என்றால் அடுத்த பெயர்ச்சொல் பன்மை, வினை ஒருமை. "எ நம்பர் ஆஃப்" பன்மை, "தி நம்பர் ஆஃப்" ஒருமை. இவற்றைத் தெரிந்துவைத்திருந்தால் ஐந்து வினாடியில் முடியும், தெரியாவிட்டால் ஐந்து நிமிஷம் முறைத்தாலும் வராது, எவ்வளவு ஒப்பிட்டாலும் வராது. இப்படிப்பட்டவை எண்ணிப் பார்த்தால் இருபத்தைந்துக்கு மேல் போகாது. அதோடு காது ஏமாறும் இடங்களையும் சேர்த்து, ஒரு நோட்டுப் புத்தகத்தில் நான்கு பக்கத்தில் முடித்துவிடலாம்.

மூன்றாவது, ஜிமேட்காரர் சொன்ன வழி. ஜிமேட்டில் வாக்கியத் திருத்தம் என்று ஒரு தனி வகைக் கேள்வியே இருந்தது. ஒரு நீண்ட வாக்கியம், அதில் ஒரு பகுதிக்கு அடிக்கோடு, ஐந்து விடை, முதல் விடை எப்போதுமே மூல வாக்கியம் அப்படியே. அதற்குப் படித்தவர்கள் வாக்கியத்தைத் திரும்பத் திரும்பப் படிக்க மாட்டார்கள். விடைகளை மேலிருந்து கீழாகப் பார்ப்பார்கள். எந்தச் சொல் மாறுகிறது? மூன்றில் "ஹேஸ்", இரண்டில் "ஹேவ்". சரி, இதுதான் கேள்வி. எழுவாய் எது என்று தேடி ஒரு பக்கத்தை மொத்தமாக அடித்துவிடுவார்கள். வேடிக்கை என்னவென்றால் அந்தக் கேள்வி வகையையே 2023 நவம்பரில் வந்த புதிய ஜிமேட்டில் எடுத்துவிட்டார்கள், பழைய வடிவமும் 2024 ஜனவரியோடு முடிந்தது. தேர்வில் கேள்வி போய்விட்டது, கற்றுக்கொடுத்த பழக்கம் மட்டும் ஊரெல்லாம் சுற்றுகிறது.

அதை எஸ்எஸ்சி மாதிரிக் கேள்வியில் போட்டுப் பார்ப்போம். நானே எழுதிய வாக்கியம் இது. "தி லிஸ்ட் ஆஃப் கேண்டிடேட்ஸ் ஹூ ஹேஸ் பாஸ்டு தி டெஸ்ட் ஆர் ஆன் தி நோட்டீஸ் போர்டு." முதல் விடையில் "ஹேவ் பாஸ்டு", "ஆர்". இரண்டாவதில் "ஹேஸ் பாஸ்டு", "இஸ்". மூன்றாவதில் "ஹேவ் பாஸ்டு", "இஸ்". நான்காவது, திருத்தம் தேவையில்லை. காதால் போனால் "கேண்டிடேட்ஸ்... ஆர்" என்பது இழுத்துக்கொண்டு போகும், முதல் விடையில் போய் நிற்போம், அக்கா மகளும் அங்கேதான் நின்றாள். விடைகளைப் பார்த்துப் போனால் மாறுவது இரண்டே இடம். பாஸ் ஆனது யார்? தேர்வர்கள், பலர், அதனால் "ஹேவ்". இரண்டாவதும் நான்காவதும் போச்சு. போர்டில் ஒட்டியிருப்பது எது? பட்டியல், ஒன்று, அதனால் "இஸ்". முதலாவதும் போச்சு. மிச்சம் மூன்றாவது. இதற்கு எனக்கு ஆன நேரம் பதினைந்து வினாடிதான், வாக்கியத்தை முழுதாக இரண்டாம் முறை படிக்கவே இல்லை.

இதே வழி இன்னொரு பயத்தையும் போக்குகிறது. திருத்தம் தேவையில்லை என்ற விடையைத் தொட நம் பிள்ளைகளுக்குப் பயம், ஏதோ தப்பைக் கண்டுபிடிக்காமல் விட்டுவிட்ட குற்ற உணர்ச்சி. "நீதர் தி மேனேஜர் நார் தி கிளார்க்ஸ் வேர் இன் தி ஆபீஸ்" என்று ஒரு வாக்கியம், "வேர்" அடிக்கோடு. விடைகள் "வாஸ்", "இஸ்", "ஹேஸ் பீன்", கடைசியாகத் திருத்தம் தேவையில்லை. கொடுத்த மூன்றுமே ஒருமை. அப்படியென்றால் கேட்பது ஒருமையா பன்மையா என்பதைத்தான். "நீதர், நார்" வரும்போது வினைக்கு அருகில் இருப்பது எதுவோ அதோடு ஒத்துப்போக வேண்டும், அருகில் இருப்பவர்கள் கிளார்க்குகள், எனவே மூன்றையும் அடித்துவிட்டு நான்காவதை நிம்மதியாகப் போடலாம். கவனித்தீர்களானால் இங்கேயும் கடைசியில் ஒரு விதி தேவைப்பட்டது. ஒப்பிடுவது எதைக் கேட்கிறார்கள் என்று காட்டும், பதிலைச் சொல்ல அந்த நான்கு பக்க நோட்டுதான் வேண்டும். ஜிமேட் அண்ணன் விதியெல்லாம் வேண்டாம் என்று சொன்னதில் இதை விட்டுவிட்டார். அவருக்குள் விதி ஏற்கெனவே ஊறியிருக்கிறது, அது இருப்பதே அவருக்குத் தெரியவில்லை.

அப்புறம், இந்த வழி ஓடாத இடமும் உண்டு. சேலம் மாமா கேள்வியைப் போல வாக்கியத்தைத் துண்டாக்கித் தப்பைக் காட்டச் சொன்னால் ஒப்பிட விடைகளே இல்லை, இருப்பது ஒரே வாக்கியம். அங்கே நான் சொல்லிக்கொடுத்தது ஒரு சுற்று. முதலில் வினைச்சொல்லைப் பிடி. அதன் எழுவாயைத் தேடு, நடுவில் "ஆஃப்", "வித்", "அலாங் வித்" என்று தொங்குவதையெல்லாம் விரலால் மறைத்துவிட்டுப் பார். காலம் காட்டும் சொல் எதுவும் இருக்கிறதா, அதோடு வினை ஒத்துப்போகிறதா பார். பிறகு எண்ண முடியாத பெயர்ச்சொல்லுக்கு எஸ் ஒட்டியிருக்கிறதா, கடைசியாக வினைக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருக்கும் குட்டிச் சொல். இவ்வளவும் பார்த்து ஒன்றும் அகப்படவில்லையென்றால் தப்பு இல்லை என்று போட்டுவிட்டு நகர வேண்டியதுதான், அங்கேயே குடியிருக்கக் கூடாது.

குடியிருக்கக் கூடாது என்பதற்குக் கணக்கும் இருக்கிறது. சிஜிஎல் முதல் நிலையில் 60 நிமிடத்தில் 100 கேள்வி, அதில் ஆங்கிலம் 25. ஒரு கேள்விக்கு 36 வினாடி. கணக்குப் பகுதிக்கு நேரம் மிச்சம் பிடிக்க நினைப்பவர்களுக்கு அதுவும் கிடையாது. ஐபிபிஎஸ் பிஓ, அதாவது வங்கி அதிகாரி தேர்வின் முதல்நிலையில் ஆங்கிலத்துக்கு 30 கேள்வி, 20 நிமிடம், 40 வினாடி. பழைய ஜிமேட்டில் மொழிப் பகுதிக்கு 36 கேள்வி, 65 நிமிடம், அதாவது கேள்விக்குக் கிட்டத்தட்ட 108 வினாடி. ஜிமேட்காரர் நிதானமாக ஐந்து விடையையும் அலசச் சொல்வதற்கும் கோச்சிங்காரர் விதி விதி என்று அடித்துக்கொள்வதற்கும் காரணம் இந்த வித்தியாசத்தில்தான் இருக்கிறது. மூன்று மடங்கு நேரம் இருந்தவர் சொல்லும் வழியை 36 வினாடிக்காரர் அப்படியே எடுக்கக் கூடாது, விடைகளில் மாறும் சொல்லைக் கண்டுபிடிக்கும் முதல் படியை மட்டும் எடுத்துக்கொள்ள வேண்டும்.

மார்க் கணக்கும் அப்படித்தான். சிஜிஎல் முதல் நிலையில் சரிக்கு 2 மார்க், தப்புக்கு அரை மார்க் கழிவு, நான்கு விடை. கண்ணை மூடிக்கொண்டு குத்தினாலும் சராசரியில் கழிவு போக ஒரு துளி கூடத்தான் வரும், இரண்டை அடித்துவிட்டு மிச்சம் இரண்டில் ஒன்றைப் போட்டால் சராசரி முக்கால் மார்க். வங்கித் தேர்வில் சரிக்கு 1, தப்புக்குக் கால், விடை ஐந்து. அங்கே குருட்டாம்போக்கில் போட்டால் லாபமும் இல்லை நஷ்டமும் இல்லை, ஒரு விடையையாவது அடிக்க முடிந்தால்தான் போடுவதில் அர்த்தம் இருக்கிறது. சிஜிஎல் இரண்டாம் நிலையில் சரிக்கு 3, தப்புக்கு 1, நான்கு விடை, அதுவும் குருட்டாம்போக்குக்குப் பூஜ்ஜியம்தான். ஆக, முழுப் பதில் தெரியாவிட்டாலும் பாதியை வெட்டத் தெரிந்தவருக்கு மார்க் வருகிறது. காதை நம்புகிறவருக்கு இந்த வசதி இல்லை, காது ஒரே ஒரு விடையைத்தான் காட்டும், வெட்டித் தராது.

எதை வைத்துப் பயிற்சி செய்வது என்பதிலும் இதே குழப்பம். எஸ்எஸ்சி தேர்வு முடிந்ததும் கேள்வியோடு விடைக்குறிப்பையும் தேர்வர்களுக்கு வெளியிடுகிறது, அதனால் சந்தையில் கிடைக்கும் பழைய தாள்கள் பெரும்பாலும் அசல் கேள்விகள். வங்கித் தேர்வில் அப்படி இல்லை, எழுதிவிட்டு வந்தவர்கள் நினைவிலிருந்து சொன்னதைக் கோர்த்து விற்கிறார்கள். வேறு பாடத்துக்கு அது பரவாயில்லை, ஆனால் இலக்கணக் கேள்வியில் ஒரு "தி" விடுபட்டாலும் "எ நம்பர் ஆஃப்" "தி நம்பர் ஆஃப்" ஆகிவிடும், விடையே மாறிவிடும். அப்படி ஒரு தாளை வைத்துக்கொண்டு இந்தப் பெண் இரண்டு நாள் தலையைப் பிய்த்துக்கொண்டது எனக்குத் தெரியும். ஆகவே இரண்டு தேர்வும் எழுதுகிறவர் இலக்கணத்துக்கு எஸ்எஸ்சி தாளையே வைத்துக்கொள்ளலாம், வங்கித் தாளை வேகத்துக்கு மட்டும் பயன்படுத்தலாம்.

பழைய ஜிமேட் புத்தகம் பழைய புத்தகக் கடையில் மலிவாகக் கிடைக்கிறது, வாங்கலாமா என்று கேட்டாள். எஸ்எஸ்சிக்கு மட்டும் என்றால் வேண்டாம் என்றேன். அதில் வரும் வாக்கியங்கள் நான்கு வரி ஓடும், அதில் "நோ சூனர்" கிடையாது, "சீனியர் டு" தேடினாலும் கிடைப்பது அரிது. எழுவாயிலிருந்து வினையை வெகு தூரம் பிரித்துவைக்கும் கேள்விகளும், வாக்கியத்தின் தலையில் ஒரு சொற்றொடர் தொங்கும் கேள்விகளும் மட்டும் அதில் அபாரமாக இருக்கும், இருபது கேள்வி யாரிடமாவது வாங்கிப் பார்த்தால் போதும். எஸ்ஏடி இன்னும் தள்ளி நிற்கிறது. அமெரிக்காவில் இளநிலை படிக்கப் போகிறவர்கள் எழுதுவது, 54 கேள்விக்கு 64 நிமிடம், அதில் இலக்கணக் கேள்விகளில் பல, கமாவா செமிகோலனா முற்றுப்புள்ளியா என்பதைச் சுற்றியே வரும், கழிவு மதிப்பெண்ணும் கிடையாது. அந்தத் தேர்வுக்கான ப்ளூபுக் செயலியில் முழு மாதிரித் தேர்வுகள் இலவசம் என்பது கவர்ச்சியாக இருந்தாலும் சிஜிஎல்காரருக்கு அதில் கிடைப்பது குறைவு.

தலையில் தொங்கும் சொற்றொடர் என்றேனே, அதை மட்டும் கொஞ்சம் விரித்துச் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் அங்கே நம் தமிழே கை கொடுக்கும். "வாக்கிங் ஹோம் ஃப்ரம் தி மார்க்கெட், தி ரெயின் ட்ரெஞ்ச்டு ஹர்." இதில் என்ன தப்பு என்று அவளுக்குப் புரியவில்லை, ஏனென்றால் மனசுக்குள் "மார்க்கெட்டிலிருந்து நடந்து வரும்போது மழை அவளை நனைத்துவிட்டது" என்று மாற்றிக்கொண்டாள், அது நல்ல தமிழ். "வரும்போது" என்று போட்டால் நடந்தவர் ஒருவர், நனைத்தது வேறொன்று என்று இருக்கலாம். ஆனால் அந்த இடத்தில் "நடந்து வந்து" என்று போட்டுப் படிக்கச் சொன்னேன். "மார்க்கெட்டிலிருந்து நடந்து வந்து, மழை அவளை நனைத்துவிட்டது." படித்ததும் சிரித்துவிட்டாள். மழை பையைத் தூக்கிக்கொண்டு நடந்து வந்த மாதிரி இருக்கிறது. செய்து என்று வரும் எச்சத்துக்கும் அது போய் முடியும் வினைக்கும் செய்தவர் ஒருவராகத்தான் இருக்க வேண்டும், தொல்காப்பியமே இதை வினைமுதல் முடிபு என்று சொல்லிவைத்திருக்கிறது. ஆங்கிலத்தில் வாக்கியத்தின் தொடக்கத்தில் வரும் அந்த "இங்"குக்கும் இதே கட்டுப்பாடுதான். "செய்யும்போது" என்று படிக்காமல் "செய்து" என்று படித்துப் பார்த்தால் தப்பு தானாக உறுத்தும். "வாக்கிங் ஹோம், ஷி வாஸ் ட்ரெஞ்ச்டு பை தி ரெயின்" என்று மாற்றினால் நடந்தவளும் நனைந்தவளும் ஒருத்தி, சரியாகிவிடும். கெட்டுப்போன காதுக்கு நல்ல தமிழ்க் காதே மருந்தாகும் ஒரே இடம் எனக்குத் தெரிந்து இதுதான்.

விளக்கத்துக்குச் செயற்கை நுண்ணறிவுச் செயலியைக் கேட்கலாமா என்றும் ஒரு கேள்வி வந்தது. கேட்கலாம், ஆனால் விடையைச் சொல்லாமல் கேட்க வேண்டும். தப்பான விடையைக் கொடுத்து இது ஏன் சரி என்று நான் கேட்டபோது, அதற்கும் ஒரு விதியை ஜோடித்து மரியாதையாக விளக்கிவிட்டது. அதை நம்பி நோட்டில் எழுதிவிட்டால் அழிக்க ஒரு மாதம் ஆகும்.

இத்தனையும் பேசி முடித்து நாங்கள் போட்ட ஏற்பாடு இதுதான். முதல் பத்து நாள் நான்கு பக்க நோட்டு, ஆனால் அதைக் கோச்சிங் தாளிலிருந்து பார்த்து எழுதக் கூடாது, அவள் தப்பு விட்ட கேள்வியிலிருந்து மட்டுமே எழுத வேண்டும். ஒவ்வொரு விதிக்கும் பக்கத்தில் தமிழில் எப்படிச் சொல்லியிருப்பேன் என்றும் ஒரு வரி. அதன் பிறகு தினம் ஒரு எஸ்எஸ்சி தாளின் ஆங்கிலப் பகுதி, 12 நிமிடம் கடிகாரம் வைத்து. திருத்தக் கேள்வி என்றால் முதலில் விடைகளைப் பார்ப்பது, துண்டுக் கேள்வி என்றால் வினையிலிருந்து அந்தச் சுற்று. தப்பு இல்லை என்று காது சொன்னால் மட்டும் இன்னொரு தடவை வினையைப் பார்ப்பது. நூற்று நாற்பது விதியைத் தூக்கிப் போடச் சொல்லவில்லை, கோச்சிங்கில் டெஸ்ட் வைக்கிறார்களாம், அதற்காக அது பாட்டுக்கு இருக்கட்டும். எனக்கு ஆறு மாதம் கிடைத்திருந்தால் பேப்பர் படிப்பதை முதலில் வைத்திருப்பேன், இரண்டு மாதத்துக்கு இதுதான் என் கணக்கு.

நேற்று மறுபடி ஒரு போட்டோ வந்தது. கேள்வித்தாள் இல்லை, அவர்கள் கடை போர்டு. அவள் அப்பா மர சாமான் கடை வைத்திருக்கிறார். போர்டில் கொட்டை எழுத்தில் "ஆல் டைப்ஸ் ஆஃப் ஃபர்னிச்சர்ஸ்". கீழே அவள் எழுதியிருந்தாள், சித்தி, பத்து வருஷமா இதைப் பார்த்துக்கிட்டேதான் ஸ்கூலுக்குப் போனேன், அப்பாகிட்ட எஸ்ஸை அழிக்கச் சொல்லட்டுமா? வேண்டாம் என்று பதில் போட்டேன், வருகிறவர்கள் எல்லாம் அப்படித்தான் கேட்டு வாங்கிப் போகிறார்கள்.